புலாவ் உபினில் ஒரு நாள், இரண்டு வாடகைச் சைக்கிள்

போன புதன்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் லீவு போட்டு, பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கிற புலாவ் உபின் தீவுக்குப் போய் சாயங்காலம் வரைக்கும் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு முழு நாள் வெளியே இருந்தது இது இரண்டாவது தடவை. அதனால் இந்த நாள் நல்லபடியாக அமைய வேண்டும் என்று ரொம்பவே ஆசைப்பட்டேன். அமைந்தது. ஆனால் நடுவில் ஒரு சைக்கிளால் கெட்டுப்போகவும் பார்த்தது. போக நினைக்கிற மற்றவர்களுக்கு அந்தச் சிக்கல் வரக்கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தீவுக்கு ஐந்துக்கு ஐந்து, படகுக்கு நாலு, நாங்கள் முதலில் சைக்கிள் எடுத்த கடைக்கு இரண்டு.

போகிற வழி சுலபம். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிசிலிருந்து என்றால் 29. இரண்டுமே சாங்கி வில்லேஜில் கொண்டுபோய் விடும். இறங்கின இடத்திலேயே உணவங்காடி நிலையம் இருக்கிறது, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பேர் போன இடம், அங்கேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரும் இங்கேயே வாங்கிவிடுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். அங்கிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான்.

படகுக்கு முன்பதிவு, நேர அட்டவணை எதுவும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், அவ்வளவுதான். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சொந்தச் சைக்கிளை ஏற்றினால் கூடுதலாக 2 வெள்ளி. சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு என்றால் ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள், ஆனால் தீவு நிறைய ஆள் இருக்கும். வார நாளில் போனால் தீவு காலியாக இருக்கும், ஆனால் படகுக்குக் காத்திருக்க வேண்டும். நாங்கள் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஏழு பேர் ஆனோம், எட்டு ஆனோம், அப்புறம் மீன்பிடிக் கம்புகளோடு ஒரு நண்பர் கூட்டம் வந்ததும் நிறைந்துவிட்டது. அவசரம் என்றால் பன்னிரண்டு இடத்துக்கும் சேர்த்து 48 வெள்ளியைக் கொடுத்து உடனே கிளம்பலாம். நான்கைந்து பேர் இருந்தால் பாக்கி இடங்களுக்கான காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று படகோட்டும் அங்கிளே சொன்னார்.

பழைய மரப்படகு. பக்கவாட்டில் டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், டீசல் வாசனை மூக்கில் ஏறும், எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எனக்கு இது எல்லாமே பிடித்தது. சிங்கப்பூரில் எதில் ஏறினாலும் அட்டையைத் தட்டி, கதவு மூடி, ஏசி போட்டுத்தான் பழக்கம். இங்கே அங்கிள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டிக் காசு வாங்குகிறார். தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள், ஒரு பக்கம் மலேசியக் கரையில் ஜொகூரின் துறைமுகக் கிரேன்கள், எதிரே பச்சையாகத் தீவு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

உபின் என்பது கருங்கல்லைக் குறிக்கிற மலாய்ப் பெயர். தீவு முழுக்கக் கருங்கல்தான், நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1920களில் ஜொகூருக்குப் போட்ட கடற்பாலத்துக்கும் கல் இங்கிருந்து போனதுதான். கல்குவாரிகள் எல்லாம் 1999க்குள் மூடிவிட்டன. 1970 வாக்கில் இரண்டாயிரம் பேர் இருந்த தீவில் இப்போது சில டஜன் பேர்தான் குடியிருக்கிறார்கள். மின்சாரக் கம்பி பிரதான தீவிலிருந்து வருவதில்லை, ஜெனரேட்டரும் சூரிய ஒளித் தகடுகளும்தான். தண்ணீர் கிணற்றிலிருந்து. இறங்கி நடந்தால் துத்தநாகத் தகடு போட்ட வீடுகள், கோழி, கட்டிலில் படுத்திருக்கிற நாய், ஒரு சீனக் கோயில், அதற்கு எதிரே நாடக மேடை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு இது அம்மா வாயால் கேட்ட பழைய கம்போங், அதாவது மலாய்க் கிராமம். எனக்கோ ஊருக்குப் போன மாதிரி இருந்தது.

சரி, சைக்கிள். படகுத்துறையிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வரிசையாகச் சைக்கிள் கடைகள்தான். முன்னால் கூடை வைத்த சாதாரணச் சைக்கிள், கியர் வைத்த மலைச் சைக்கிள், பின்னால் குழந்தை இருக்கை பொருத்தினது, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள், எல்லாம் இருக்கிறது. எங்களிடம் கூடைச் சைக்கிளுக்கு 8 வெள்ளி, கியர் சைக்கிளுக்கு 12, இன்னும் நல்ல கியர் சைக்கிளுக்கு 20 என்று சொன்னார்கள். நாள் முழுக்கவும் அதே காசுதான், மணிக்கணக்கு கிடையாது. கடைக்குக் கடை ஒன்றிரண்டு வெள்ளி வித்தியாசம் இருக்கும், அந்த ஒன்றிரண்டு வெள்ளிக்காக அலைய வேண்டாம். சைக்கிள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஜோடியாகப் போகிறவர்கள் எல்லாரும் அந்த நீளச் சைக்கிளைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம். ஓட்டியும் பார்த்தோம், கடை வாசலிலிருந்து கோயில் வரைக்கும். என் கருத்து, அதை எடுக்காதீர்கள். சமதளத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உபினில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும், சில இடங்களில் இறங்கித் தள்ளச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு கனமான வண்டியை மேட்டில் தள்ளுவது பெரும்பாடு. இன்னொன்று, பின்னால் உட்காருகிறவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆளுக்கொரு சைக்கிள் எடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம், ஒருவர் நின்று பறவை பார்க்கும்போது இன்னொருவர் மெதுவாக முன்னால் போய்க் காத்திருக்கலாம். நாங்கள் அன்றைக்குப் பேசினது எல்லாம் அப்படிப் பேசினதுதான்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முத்துப்பேட்டை பக்கத்துக் கிராமம் எனக்கு. 2006இல் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிள்தான் நான் சொந்தமாக வைத்திருந்த முதல் வாகனம். பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர், போக வர பத்து. பஸ்ஸுக்குக் காத்திருந்து முதல் பீரியடைத் தவறவிட்டுக் கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் அந்த வருடத்திலிருந்து வரிசையாகச் சைக்கிளில் போனோம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் பத்தாவதைத் தாண்டவில்லை. அதனால் சைக்கிள் என்றால் எனக்குப் பொழுதுபோக்குச் சாமான் மாதிரி தோன்றாது. கல்லூரிக்குப் போனதும் விட்டது, இங்கே வந்த பிறகு தொடவே இல்லை. பதினைந்து வருடம் கழித்து ஏறி உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கிறது, பெல்லின் மேல் கட்டைவிரல் தானாகப் போகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகவே.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தேன். முதல் கடையில் இருந்தவர் இரண்டு சைக்கிளை இழுத்து நிறுத்தினார், காசைக் கொடுத்தோம், கிளம்பிவிட்டோம். சரியாகச் சோதிக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் என் சீட் இறங்க ஆரம்பித்தது. சீட்டைத் தாங்குகிற குழாயில் ஒரு கைப்பிடித் திருகு இருக்குமே, அதன் மரை தேய்ந்திருந்தது. இறுக்கினால் பத்து மிதிக்கு நிற்கும், அப்புறம் கிர்ரென்று கீழே போய் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செக் ஜாவா என்கிற சதுப்புநிலப் பகுதிக்குப் போகிற வழியில் ஒரு இறக்கம் வருகிறது, அங்கே பின் பிரேக்கைப் பிடித்தால் பிடி முழுக்க உள்ளே வந்து ஹாண்டில்பாரைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் குப்புறத் தூக்கி எறியும் என்று சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவள், அதனால் காலை இரண்டு பக்கமும் ஊன்றித் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினேன். பின்னால் வந்த இவர் முகம் வெளுத்துப்போய், "என்னம்மா, அடிபட்டுச்சா?" என்று சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அடி ஒன்றும் இல்லை, செருப்பு மட்டும் தேய்ந்தது. ஆனால் சரளைக்கல் ரோட்டில் அதே வேகத்தில் விழுந்திருந்தால் அன்றைய நாள் மருத்துவமனையில்தான் முடிந்திருக்கும்.

கடைக்குப் போன் போட்டோம். "திருப்பிக் கொண்டுவாங்க, வேறு தருகிறோம்" என்றார்கள், ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தள்ளிக்கொண்டும் உருட்டிக்கொண்டும் திரும்பி வந்தோம், முக்கால் மணி நேரம் போச்சு. அங்கே மாற்றாகக் கொடுத்த சைக்கிளின் செயின் துருப்பிடித்துக் கிடந்தது. காசைக் கேட்டால் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களே, பாதியும் கிடையாது என்றார். நான் வாக்குவாதம் செய்யாமல் அந்தக் காசை விட்டுவிட்டு நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு கடைக்குப் போனேன். பிரேக் போன வண்டியை வாடகைக்குக் கொடுப்பது காசு விவகாரம் அல்ல, உயிர் விவகாரம். இதை அந்த ஆளிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாவது கடையில் ஒரு வயதான சீன ஆன்ட்டி இருந்தார். மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசினார், என் வீட்டுக்காரர் மலாயில் பதில் சொன்னார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வரிசையில் முதலில் இருந்ததைக் கொடுக்காமல் உள்ளே போய் ஒரு குட்டையான நீலச் சைக்கிளைக் கொண்டுவந்தார். பக்கத்தில் நிற்க வைத்து சீட்டை என் இடுப்பு எலும்பு உயரத்துக்கு வைத்துத் திருகினார். பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்து, நின்றதைக் காட்டினார். அப்புறம் முன் சக்கரம். அப்புறம் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, போதாது என்று பம்பை எடுத்து நாலு அடி அடித்தார். மொத்தம் இரண்டு நிமிடம். 12 வெள்ளி. அன்றைக்கு முழுக்க அந்த நீலச் சைக்கிள் ஒரு இடத்திலும் மக்கர் செய்யவில்லை.

நீங்களும் இதையே செய்யுங்கள். கடைக்காரர் செய்யாவிட்டால் நீங்களே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடியுங்கள், சீட்டின் மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து குலுக்குங்கள், எல்லா கியரும் விழுகிறதா என்று வாசலிலேயே ஒரு ரவுண்டு போங்கள். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். பூட்டும் கேளுங்கள். கடையின் தொலைபேசி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடைச் சைக்கிள் கடைத்தெருவைச் சுற்ற மட்டும் போதும், செக் ஜாவாவோ மேற்குப் பக்கமோ போவதாக இருந்தால் கியர் இல்லாமல் எடுக்காதீர்கள். கூடை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, குரங்கு. பிளாஸ்டிக் பை சலசலத்தால் போதும், நீள வால் குரங்குகள் எங்கிருந்தோ இறங்கி வந்துவிடும். எங்கள் கண் முன்னாலேயே ஒரு பையனின் கூடையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் காணாமல் போனது. சாப்பாடு எதுவாக இருந்தாலும் முதுகுப் பைக்குள் வைத்து ஜிப் போட்டு விடுங்கள்.

செக் ஜாவா இருப்பது உபினின் கிழக்கு முனையில். படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பாதி வழி தார், மீதி சரளை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், தென்னை, பலா, டுரியான் என்று யாரோ ஒரு காலத்தில் நட்டுவிட்டுப் போனவை காட்டோடு காடாக வளர்ந்து கிடக்கின்றன. டுரியான் பருவத்தில் போனால் மரத்தடியில் நிற்காதீர்கள், காய் எப்போது வேண்டுமானாலும் விழும். ஒரு வளைவில் காட்டுப்பன்றி ஒன்று நாலைந்து குட்டிகளோடு ரோட்டைக் கடந்தது, குட்டிகளின் முதுகில் தர்ப்பூசணி மாதிரிக் கோடுகள். நாங்கள் தள்ளியே நின்று அது போன பிறகுதான் நகர்ந்தோம். குட்டியோடு இருக்கிற பன்றியின் கிட்டே போகக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வது எங்கேயும் பொருந்தும்.

செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்துதான் போக வேண்டும், உள்ளே சைக்கிள் அனுமதி இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. பலகைப் பாதை கடலோரமாக ஒரு சுற்று, சதுப்புநிலக் காட்டுக்குள் ஒரு சுற்று என்று இரண்டாகப் போகிறது. பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள் என்பதால் கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே வற்று நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கும்போது போனால்தான் எதுவும் கண்ணில் படும், ஏறியிருக்கும்போது போனால் வெறும் தண்ணீர்தான்.

காட்டுக்குள் போகிற சுற்றில் நான் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சேற்று வாசனை போதும். கீழே சேற்றிலிருந்து பென்சில் முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களைப் பார்த்ததும் "இது எங்க ஊர் மரம்ங்க" என்று கத்திவிட்டேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் அலையாத்தி மரம்தான். இங்கே முட்டுக் கொடுத்த மாதிரி வேரை ஊன்றி நிற்கிற சுரபுன்னை வகை நிறைய இருக்கிறது, அப்புறம் தண்டே வெளியே தெரியாமல் சேற்றிலிருந்து நேராக ஓலை கிளம்புகிற நீப்பா பனை. ஐஸ் கச்சாங் என்கிற ஐஸ் இனிப்பில் வழுவழுவென்று ஒரு வெள்ளைக் கொட்டை வருமே, அத்தாப் சீ, அது இந்தப் பனையின் இளங்காய்தான். இத்தனை வருடம் அதைத் தின்கிற என் வீட்டுக்காரருக்கே அது தெரியாது, அன்றைக்குத்தான் தெரிந்தது. பலகையில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தால் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற நண்டுகள். ஆண் நண்டு அந்தக் கொடுக்கைத் தூக்கி வா வா என்று கூப்பிடுகிற மாதிரி ஆட்டும். நாங்கள் அசையாமல் இருந்தால் வளையிலிருந்து வெளியே வந்து ஆட்டும், நிழல் பட்டால் அடுத்த நொடி உள்ளே. சேற்றின் மேல் துள்ளித் துள்ளிப் போகிற மீன்களும் அப்படியே. இவர் என்னோடு சேர்ந்து படுத்துக் கிடந்தார், போனை எடுக்கவே இல்லை.

இந்த இடம் இருப்பதே பெரிய விஷயம். மண்ணைக் கொட்டி இதை மூடி நிலம் எடுப்பதாகத்தான் திட்டம் இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்கள் வற்றின கடலில் இறங்கி இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள், பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், எடுத்துச் சொன்னார்கள், அந்த வருடக் கடைசியில் அரசு திட்டத்தைத் தள்ளி வைத்தது. 2007இல் பலகைப் பாதை திறந்தது. மணல் கரை, பாறைக் கரை, கடற்புல், பவளத் துண்டுகள் கிடக்கிற இடம், சதுப்புநிலம், கரையோரக் காடு என்று ஆறு விதமான இடங்கள் ஒரே முனையில் சேர்ந்திருக்கின்றன. கேட்டு, பார்த்து, மனதை மாற்றிக்கொண்ட எல்லாருக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

பக்கத்தில் ஜெஜாவி கோபுரம், ஏறக்குறைய இருபது மீட்டர் உயரம், ஏறினால் மரங்களின் தலைக்கு மேல் போய்விடலாம். மேலே நின்றபோது இவர் கிழக்கே கைகாட்டினார். தெக்கோங் தீவு. தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போன முதல் நாள் மொட்டை அடித்து உட்கார வைத்தது அங்கேதான், ராத்திரி காவலுக்கு நிற்கும்போது இந்தப் பக்கம் விளக்கே இல்லாமல் கருப்பாகத் தெரியும், யாரும் இல்லாத தீவு என்று நினைத்துக்கொள்வேன் என்றார். ஒன்பது வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

கீழே முதலாம் எண் வீடு என்று ஒரு கல் வீடு இருக்கிறது. 1930களில் ஒரு பிரிட்டிஷ் தலைமை நில அளவையாளருக்கு ஓய்வு வீடாகக் கட்டினது, உள்ளே குளிர் காயக் கணப்பு அடுப்பெல்லாம் வைத்திருக்கிறார்கள், இந்தப் புழுக்கத்தில். இப்போது பார்வையாளர் நிலையம். கழிவறை இங்கே உண்டு, சாப்பாட்டுக் கடை கிடையாது.

திரும்புகிற வழியில்தான் இருவாச்சி. முதலில் சத்தம், கக் கக் கக் என்று காய்ந்த மூங்கிலைத் தட்டின மாதிரி. சைக்கிளை மெதுவாகச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால் ஒரு பெரிய மரத்தில் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. கருப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மஞ்சள் அலகின் மேல் இன்னொரு சின்ன அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் கொண்டை. ஒன்று அத்திப்பழத்தைப் பறித்து அலகு நுனியில் பிடித்து, மேலே எறிந்து தொண்டைக்குள் வாங்கியது. இன்னொன்றுக்கும் ஒன்றை நீட்டிக் கொடுத்தது. சிங்கப்பூரில் நூறு வருடத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த பறவை இது. 1994இல் இந்தத் தீவில்தான் ஒரு ஜோடி திரும்பவும் கண்ணில் பட்டது. பெரிய பொந்துள்ள மரங்கள் குறைவு என்பதால் கூடுவைக்கப் பெட்டிகள் கட்டிக் கொடுத்தார்கள். முட்டையிடுகிற காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். குஞ்சு வளர்கிறவரை ஆண் பறவை அந்தக் கீறல் வழியாக இரை கொண்டுவந்து ஊட்டும். இப்போது பிரதான தீவிலும் பல இடங்களில் பறக்கிறது, எங்கள் புளோக் பக்கத்திலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் தாய் வீடு இந்தக் காடுதான்.

மத்தியானச் சாப்பாடு படகுத்துறைப் பக்கத்துக் கடல் உணவுக் கடையில். மீன், கணவாய், சோறு, இளநீர் எல்லாம் சேர்த்து 46 வெள்ளி ஆனது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் மீன் நல்ல மீன், கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம், சம்பால் கங்கோங் என்று கீரை கேட்டால் இறாலை இடித்த பெலாச்சான் போட்டுத்தான் வரும், பூண்டு மட்டும் போட்டு வதக்கித் தரச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் சாங்கியிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது நல்லது.

சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மேற்குப் பக்கம் போனோம். பெக்கான் குவாரி ரொம்பப் பக்கம், வயதானவர்களைக்கூடக் கூட்டிப்போகலாம். கல் வெட்டின பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது, நடுவில் மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. அங்கிருந்து புவாக்கா குன்று, 75 மீட்டர்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து, சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடந்து ஏறினோம். மேலிருந்து பார்த்தால் உபின் குவாரி முழுசாகத் தெரியும். வெட்டின கல்லின் செங்குத்துச் சுவர், அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர், தூரத்தில் ஜொகூர். அன்றைக்குப் பார்த்ததில் கண்ணுக்கு மிகவும் அழகான இடம் இதுதான், தவறவிடாதீர்கள்.

ஜெர்மன் பெண் கோயிலையும் பார்த்தோம். முதல் உலகப் போர் தொடங்கினபோது இங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மன் குடும்பத்தைப் பிடிக்கப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்தார்கள், பின்பக்கமாக ஓடின பெண் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனாள் என்று ஊரில் சொல்கிற கதை. அவளுக்கு ஒரு சின்ன மஞ்சள் கோயில். உள்ளே பார்பி பொம்மை, அதன் முன்னால் வாசனைத் திரவியம், உதட்டுச் சாயம், கண்ணாடி, சீப்பு. யாரென்றே தெரியாத ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு உள்ளூர்க்காரர்கள் நூறு வருடமாகச் செய்துவருகிறார்கள். அகாலமாகப் போன கன்னிப் பெண்ணைச் சும்மா விடாமல், பிடித்ததை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கமும் உண்டு, பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடுவோம். நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்குள் நாங்கள் போகவில்லை. பாறையும் திடீர்ப் பள்ளமுமான பாதை, பழக்கம் இல்லாதவர்களுக்கு வாடகைச் சைக்கிளில் அது வேண்டாம்.

ஒரு நாள் செலவு மொத்தம், படகு போக வர இருவருக்கும் 16, சைக்கிள் இருவருக்கும் 24, அநியாயமாகப் போன 12, சாப்பாடு 46. நூறு வெள்ளிக்குள் ஒரு முழு நாள். கொசு மருந்து கட்டாயம், முழுக்கால் சட்டை போட்டால் இன்னும் நல்லது. மழை பெய்தால் சரளை இறக்கம் வழுக்கும், அன்றைக்குச் சைக்கிளை விட்டுவிட்டு வேன் பிடித்துச் செக் ஜாவா போய் வாருங்கள். கடைசிப் படகு எப்போது என்று காலையில் இறங்கும்போதே அங்கிளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்குச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆன்ட்டியிடம் பையனைப் பற்றிச் சொன்னேன், ஏழு வயது, இன்னும் ஓட்டத் தெரியாது, நானே கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பதினாறு அங்குலத்தில் சின்னச் சைக்கிள் இரண்டுதான் இருக்கிறது, சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் வந்தால் கிடைக்காது என்றார்.